மொட்டைமாடியில் மின்சாரமா, வெந்நீரா?

கோவை வடவள்ளியில் அக்கா வீடு கட்டுகிறாள். மேல்தளம் கான்கிரீட் போட்டு, தண்ணீர் கட்டி வைத்திருந்த வாரத்தில் மாமா போன் செய்தார்.

"ஏன் மாப்ள, ஹீட்டர்காரர் வந்து 60 பர்சென்ட் எஃபிஷியன்சிங்கிறார். பேனல்காரர் கேட்டா 21ங்கிறார். அப்ப ஹீட்டர்தான மூணு மடங்கு லாபம்? இருக்கிற எடத்த அதுக்கே குடுத்துரலாமா?"

கேள்வி நியாயமானதுதான். டேங்க், படிக்கட்டுத் தலைப்பு, துணி காயப்போட அக்கா விடமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருக்கும் மூலை எல்லாம் போக, நல்ல வெயில் விழுகிற இடம் 250 சதுர அடிக்கும் கீழே. வெயிலில் வெந்நீர் காய்ச்சும் சோலார் ஹீட்டர், வெயிலை மின்சாரமாக்கும் சோலார் பேனல், இரண்டு பொருளும் ஒரே வெயிலைத்தான் தின்னப் போகின்றன. ஆனால் அந்த 60-ஐயும் 21-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தப்பாகப் போகும். நானே ஒருமுறை அப்படித் தப்பாகப் போனவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெயில். கோவையில் ஒரு சதுர மீட்டர் இடத்தில், அதாவது ஏறக்குறைய பதினோரு சதுர அடியில், வருடச் சராசரியாக நாளுக்கு 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. மின்சாரக் கணக்கில் சொல்கிற அதே யூனிட்தான். இதில் பேனல் எவ்வளவைப் பிடிக்கிறது, ஹீட்டர் எவ்வளவைப் பிடிக்கிறது என்பதுதான் செயல்திறன்.

பேனலில் ஒட்டியிருக்கும் 21 சதவீதம் சோதனைச்சாலைக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழும்போது, செல்லின் சூடு 25 டிகிரியாக இருந்தால் கிடைப்பது அது. கோவையில் ஏப்ரல் மதியம் மாடிக்கு ஏறி ஓடுகிற பேனலின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், ரெண்டு எண்ணுவதற்குள் கை தானாக வந்துவிடும். 60 டிகிரி சாதாரணம். பரவலாக விற்ற பெர்க் என்கிற வகைப் பேனல்களில் ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 0.35 சதவீதம் போல உற்பத்தி குறையும். 25-லிருந்து 60-க்கு 35 டிகிரி. அப்படியென்றால் 12 சதவீதம் சூட்டிலேயே போயிற்று. டாப்கான் என்கிற புதிய வகையில் இந்த இழப்பு கொஞ்சம் குறைவு. இதன் மேல் தூசு, ஒயர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பங்கு. வடவள்ளிப் பக்கம் என்றால் மயில் எச்சத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருதமலை அடிவாரத்து மயில்களுக்குப் பேனல் என்றால் தனிப் பிரியம். எல்லாம் கழித்தால் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு முக்கால் யூனிட் நிச்சயம். 5-ல் முக்கால் என்றால் 15 சதவீதம்.

ஹீட்டர்காரர் சொன்ன 60-க்கும் இதே கதிதான், வேறு வழியில். தண்ணீரைச் சூடாக்கும் தகட்டுக்கு ஒரே செயல்திறன் என்று ஒன்று கிடையாது. காலை எட்டு மணிக்கு 26 டிகிரித் தண்ணீர் உள்ளே போகும்போது அது 70 சதவீதத்தைக்கூடப் பிடிக்கும். மதியம் தண்ணீர் 60 டிகிரி ஆனபிறகு, பிடித்த சூட்டில் ஒரு பங்கைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடைவெளி கூடக் கூடச் செயல்திறன் இறங்கும். நாள் முழுதும் கூட்டிக் கழித்து 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நேர்மையான கணக்கு. சதுர மீட்டருக்கு இரண்டரை யூனிட் சூடு.

ஆக முக்காலுக்கு இரண்டரை. இதுவரை மாமா சொன்ன 'மூணு மடங்கு' சரிதான். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கறுப்புப் பெட்டிக்குள் தண்ணீர் வைத்து வெயிலில் காய்ச்சுவது எளிய வேலை. அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-லேயே காப்புரிமை வாங்கி விற்றிருக்கிறார். வெளிச்சத்தை மின்சாரமாக்குவது அப்படியல்ல. 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் நல்ல சிலிக்கான் செல்லே 6 சதவீதம்தான் கொடுத்தது. ஒற்றை அடுக்கு சிலிக்கான் எவ்வளவு முயன்றாலும் 29 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். அது இயற்பியல் போட்ட வேலி.

ஆனால் இரண்டும் யூனிட் என்பதற்காக இரண்டும் ஒன்றா? ஒரு யூனிட் மின்சாரத்தில் மிக்ஸி ஓட்டலாம், மோட்டார் போடலாம், ஃப்ரிட்ஜ் ஓட்டலாம், வேண்டுமானால் வெந்நீரும் வைக்கலாம். ஒரு யூனிட் வெந்நீரில் குளிக்கத்தான் முடியும். அதுவும் யாராவது குளிக்க வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்த முடிவே இருக்கிறது. ஆகவே அக்கா வீட்டுக் குளியலறைக் கணக்கைப் போட்டோம். அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள், மாமாவின் அம்மாவான அத்தை என ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பக்கெட், 20 லிட்டர். 26 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு பக்கெட்டுக்கு 0.33 யூனிட் போதும். ஐந்து பேருக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். கீசர் சும்மா இருக்கும்போது இழப்பதையும் சேர்த்து 2 யூனிட் என்று வைத்தேன். வருடத்தில் எட்டு மாதம் இப்படி. வெயில் கொளுத்துகிற நான்கு மாதம்? ஏப்ரலில் கறுப்பு டேங்கிலிருந்து வருகிற பச்சைத் தண்ணீரே சுடுகிறது. அத்தை ஒருவர்தான் அப்போதும் வெந்நீர் கேட்பார். நாளுக்கு அரை யூனிட். கூட்டினால் வருடத்துக்கு 540 யூனிட்.

நூறு லிட்டர் ஹீட்டர் ஒன்றுக்கு இரண்டு சதுர மீட்டர் தகடு. அது வருடம் முழுக்கப் பிடிக்கக்கூடிய சூடு 1,800 யூனிட்டுக்கு மேல். அக்கா வீடு பயன்படுத்தப் போவது 540. மீதி? டேங்க் நிறையச் சூடான தண்ணீர் அப்படியே நிற்க, வெயில் வந்து முட்டித் திரும்பிப் போகும். வெந்நீரை ஈபிக்கு விற்க முடியாது. பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க முடியாது.

இப்போது சதுர மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட்டர் 540-ஐ இரண்டால் வகுத்தால் 270. பேனல் பக்கம் 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட், பிடிக்கிற இடம் பதினைந்தரைச் சதுர மீட்டர். கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நான் மழை, தூசு, மயில் எல்லாம் கழித்து 3.6 என்றே வைத்தேன். வருடத்துக்கு 4,250 யூனிட். சதுர மீட்டருக்கு 274.

270-க்கு 274! பேப்பரை மாமாவிடம் காட்டியபோது அவர் கால்குலேட்டரை வாங்கித் திரும்பவும் போட்டுப் பார்த்தார். மூன்று மடங்கு என்று ஆரம்பித்த வித்தியாசம் குளியலறைக்குள் வருவதற்குள் காணாமல் போய்விட்டது. ஈபிக்குப் போகிற யூனிட்டையும் வரவு வைக்கிற நெட் மீட்டர் இருப்பதால் பேனலில் விளைகிற யூனிட் வீட்டில் செலவாகாவிட்டாலும் கணக்கில் நிற்கிறது. ஹீட்டருக்கு அந்த வசதி இல்லை. காரணம் இவ்வளவுதான்.

பணத்தையும் பார்த்துவிடலாம். எங்களுக்கு வந்த கொட்டேஷன் பேனலுக்கு 1,95,000. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். உள்நாட்டு செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும், பதிவுபெற்ற விற்பனையாளர் போட வேண்டும் என்பன நிபந்தனைகள். கையிலிருந்து போவது 1,17,000. ஹீட்டர் 26,000, அதற்கு ஒரு காலத்தில் மத்திய அரசு மானியம் இருந்தது, இப்போது கிடையாது. வருடத்துக்கு ஒரு யூனிட் மிச்சம்பிடிக்க முதலில் எவ்வளவு போட வேண்டும் என்று பார்த்தால் பேனலுக்கு 27 ரூபாய் சொச்சம், ஹீட்டருக்கு 48 ரூபாய். பேனலின் ஆயுள் 25 வருடம், நடுவில் ஒருமுறையாவது இன்வெர்ட்டர் மாற்ற வேண்டிவரும். ஹீட்டர் நல்ல தண்ணீரில் 15 வருடம் ஓடும்.

நல்ல தண்ணீரில் என்று சொன்னேன். இங்கேதான் என் சொந்தக் கதை. என் வீட்டுக்குச் சிறுவாணி வராது. முழுக்க போர் தண்ணீர். எட்டு வருடத்துக்கு முன் 'செயல்திறன் அதிகம்' என்ற ஒரே வார்த்தையில் மயங்கிக் கண்ணாடிக் குழாய் ஹீட்டர், அதாவது வெற்றிடக் குழாய் வகை, வாங்கினேன். முதல் வருடம் ராஜபோகம். மூன்றாம் வருடம் தண்ணீர் வெதுவெதுப்பாக வர ஆரம்பித்தது. ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டது. நான்காம் வருடம் பிளம்பர் ஒரு குழாயைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தபோது, தண்ணீரோடு சுண்ணாம்புச் சாந்து போல வெள்ளையாக அரை டம்ளர் விழுந்தது. "பதினஞ்சு டியூப்லயும் இதே அளவு இருக்குமுங்க," என்றார். அவர் சொன்னது சரிதான். உப்புப் படிகிற இடம் சூடு ஏறுகிற இடம்தான். ஹீட்டரின் வேலையே சூடேற்றுவது. பேனல் கழுவுவதற்கு மட்டும்தான் தண்ணீர் கேட்கும். அதையும் உப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும், அது வேறு விஷயம்.

உப்புத் தண்ணீர் வீட்டில் ஹீட்டர் வைத்தே தீரவேண்டும் என்றால், குளிக்கிற தண்ணீரும் சூடேறுகிற தண்ணீரும் கலக்காத வகை வாங்க வேண்டும். விலை கூடும், செயல்திறன் கொஞ்சம் குறையும். சமவெளிக்குச் செப்புக் குழாய் பதித்த தட்டை வகையே போதும் என்பது என் கட்சி. நம் ஊரில் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடைவெளி அதிகமில்லை என்பதால் சூட்டை வெளியே விடாத வெற்றிடக் குழாயின் சாமர்த்தியம் முழுதாக வெளிப்பட வாய்ப்பில்லை. அது மலிவு என்பதால் விற்கிறது. ஒரு குழாய் உடைந்தால் டேங்க் முழுக்க மாடியில் ஓடிவிடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

இன்னொன்று, யாரும் அளந்து பார்க்காதது: குழாய்க்குள் நிற்கிற தண்ணீர். மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 15 மீட்டர் முக்கால் இஞ்ச் குழாய் என்றால் அதற்குள் நாலு லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீர் நிற்கும். வெந்நீர் வரும்வரை அதைத் திறந்துவிட வேண்டும். என் வீட்டில் அதற்கென்றே ஒரு சிவப்பு பக்கெட் இருக்கிறது. பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றுகிறோம். விருந்தாளிகள் நேரே சாக்கடைக்கு விடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்னால் ஹீட்டருக்கு நான் எதிரி போலத் தெரியும். அப்படியில்லை. குன்னூரில் ஒரு சொந்தக்காரர் ஆறு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறார். அங்கே டிசம்பரில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். 15 டிகிரித் தண்ணீரை 50-க்குக் கொண்டுபோக நூறு லிட்டருக்கு 4 யூனிட் வேண்டும். தினமும் ஆள் வருகிறார்கள், தினமும் வெந்நீர் தீர்ந்துபோகிறது, முட்டித் திரும்பிப் போகிற வெயில் கிடையாது. மூடுபனி நாட்களைக் கழித்தாலும் சதுர மீட்டருக்கு 500 யூனிட்டுக்குக் குறையாமல் உண்மையான பயன் வரும். பேனலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அவரிடம் நான் பேனலைப் பற்றிப் பேசவே இல்லை; ஹீட்டர் வையுங்கள், அதிலும் வெற்றிடக் குழாய் வையுங்கள் என்றேன். உதகைப் பக்கம் உறைபனி விழுகிற இரவுகளில் தட்டை வகையின் மெல்லிய செப்புக் குழாய்க்குள் நீர் உறைந்து குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு. மாணவர் விடுதி, பிரசவ ஆஸ்பத்திரி, தறிப்பட்டறையோடு சேர்ந்த சாயப் பட்டறை எல்லாம் இந்த ஜாதிதான். வெந்நீர் வருடம் முழுக்கத் தீர்கிற இடத்தில் ஹீட்டரை எதுவும் அசைக்க முடியாது. பெங்களூரில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் மாடியில் ஹீட்டர் டேங்க் நிற்பதற்கு அரசு விதி பாதிக் காரணம் என்றால், அந்த ஊர்க் குளிர் மீதிப் பாதி.

கோவையிலும் ஹீட்டருக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அது ஈபி அட்டையில் இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு மின்கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு படி. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். இப்போது இருக்கிற வாடகை வீட்டில் அக்காவுக்குக் குளிர்மாதங்களில் 580 யூனிட் வருகிறது. ஹீட்டர் 120 யூனிட்டைக் குறைத்தால் 460. படிக்குக் கீழே இறங்கியாயிற்று. பில்லில் ஆயிரம் ரூபாய்க்குமேல் குறையும். 120 யூனிட்டுக்கு ஆயிரம் என்றால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் விலைபோகிறது! மாமாவின் முகம் மலர்ந்தது. ஆனால் கோடையில் ஏசி ஓடி 780 வரும் பில்லில் ஹீட்டர் என்ன செய்யும்? அந்த மாதங்களில் அதற்கு வேலையே இல்லை. பில் எகிறுகிற காலத்தில் பேனல்தான் கூட நிற்கும். வெயில் கூடினால் ஏசியும் கூடும், உற்பத்தியும் கூடும். பணத்தட்டுப்பாடு, கையில் 30,000தான் இருக்கிறது, பில் 500-ஐ ஒட்டித் தள்ளாடுகிறது என்கிற வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஹீட்டரைச் சொல்வேன். அக்கா வீடு அந்த நிலையில் இல்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி, விற்க வந்த இருவரும் தொடாத கேள்வி. ஈபியோடு இணைந்து ஓடுகிற பேனல், கரண்ட் போன அடுத்த நொடி தானும் நின்றுவிடும். நட்டநடு வெயிலிலும் ஒரு பல்பு எரியாது. லைனில் வேலை செய்கிறவர் உயிரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. பேட்டரி வைத்தால் தப்பலாம், செலவு எகிறும். ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டாம். சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், குளிர்ந்தது தானே கீழே இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெயில் முகம் காட்டாவிட்டால் அது படுத்துவிடும் என்பதையும் அத்தையிடம் சொன்னேன். "அப்ப எதைத்தான் கண்ணு நம்பறது?" என்றார். அவர் பிறந்த வீட்டில் தேங்காய் மட்டை போட்டு எரிக்கிற செப்பு பாய்லர் இருந்ததாம். மழையோ கரண்டோ அதை ஒன்றும் செய்ததில்லை.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது: ஹீட் பம்ப். ஏசியைத் திருப்பிப் போட்டது போல, காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிற இயந்திரம். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் அளவுக்கு வெந்நீர் தரும். பேனலின் முக்கால் யூனிட்டை மூன்றால் பெருக்குங்கள்: இரண்டேகால். ஹீட்டர்த் தகட்டின் இரண்டரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதோடு வேண்டும்போது மட்டும் வெந்நீர், மற்ற நேரம் மின்சாரம். பெரிய ஓட்டல்கள் இந்தப் பக்கம் நகர்வதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டு அளவில் விலை இன்னும் கட்டுபடியாகாது. ஐந்து பக்கெட்டுக்கு ஒரு சாதாரண 15 லிட்டர் கீசரே அதிகம்.

ஆகவே முடிவு: பேனல் ஆறு, கீசர் ஒன்று. ஹீட்டருக்கு இடமும் குழாயும் மட்டும்.

அந்தக் குழாயைப் பற்றி மட்டும் நான் விடாமல் சொன்னேன். கட்டி முடித்த வீட்டில் வெந்நீர் லைன் இழுப்பதென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். இப்போது சுவர் பூசுவதற்கு முன் வெந்நீர் தாங்குகிற சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை மாடிவரை கொண்டுபோய் மூடி போட்டு வைப்பதற்கு ஆகிற செலவு சில ஆயிரம்தான். குளியலறைக்கு நேர் மேலே, குழாய் நீளம் குறைகிற மாதிரி, இரண்டுக்கு ஒன்றரை மீட்டர் இடம் ஒதுக்கச் சொன்னேன். நாளைக்குப் பிள்ளைகள் பெரியவர்களாகி ஷவரில் அரை மணி நேரம் நிற்க ஆரம்பித்தால், அல்லது நெட் மீட்டர் விதியே மாறினால், கணக்கும் மாறும்.

நிழல் பார்க்கிற வேலை மாமாவுடையது. டேங்க் தெற்கே இருக்கிறது, அதுதான் சிக்கல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மத்தியானம்கூட 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே நிற்கிற டேங்க் வடக்கே ஒன்றே கால் மீட்டருக்கு மேல் நிழல் விரிக்கும், காலையும் மாலையும் இன்னும் நீளம். ஆனி மாதத்தில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் இப்போது மாடியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி அடிவாங்கும். ஹீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை, நிழல் விழுந்த இடம் மட்டும்தான் நஷ்டம். அதனால் ஹீட்டருக்கு ஒதுக்கிய இடத்தை டேங்க் ஓரமாக நகர்த்தி, பேனலை வடக்கே தள்ளினோம். அக்காவின் துணிக்கொடி மூலை கிழக்கே ஒரு அடி சுருங்கியது. அவளிடம் இதை மாமா இன்னும் சொல்லவில்லை.